காத்திருப்பு இல்லத்தின் நாலாவது விதி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். எங்கள் குடியிருப்பு குட்வில் எஸ்டேட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம், பக்கத்து வீட்டு உபயம்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. நான் தயாரிக்கும் தாய்சேய் நலக் கொள்கை வரைவு, 7-ம் பிரிவு: பிரசவக் காத்திருப்பு இல்லம். தூரத்து ஊர்க் கர்ப்பிணிகள் தேதிக்கு முன்பே போர்ட் பிளேர் வந்து தங்கும் இடம். ஆறு கட்டில். மூன்று வருடமாக அநேகமாகக் காலி.

"யாரும் வரலன்னா எதுக்கும்மா அது? தூக்கிடு" என்கிறார் எங்கள் டெபுடி டைரக்டர் சார். பாராடாங் தீவில் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டுத் தூக்கலாமே என்றேன். ஒரு நாள் கொடுத்தார். போதும்!

எடுத்துப்போக: வரைவு (இந்தி) 30 பிரதி, கையெழுத்து நோட்டு, பிஸ்கட், வாந்தி மாத்திரை (எனக்கு).

பிப். 4, புதன்

ஆபீஸ் ஜீப், டிரைவர் ரஃபீக் பாய். பழங்குடியினர் காப்புக்காட்டு ரோட்டில் தனியாகப் போகக்கூடாது. குறித்த நேரத்தில் எல்லா வண்டியும் வரிசையாக, போலீஸ் காவலோடு. காலை ஆறு மணி கான்வாய். ஃபெரியில் கடந்தால் பாராடாங். கூட்டம் ஒன்பதுக்கு.

வந்தவர்கள்: பஞ்சாயத்து ஆள் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர். நாற்காலி நாற்பது. அழுகையே வந்துவிட்டது.

ரஃபீக் பாய்: "அரே மேடம், நம்ம வந்த கான்வாய்லதானே டூரிஸ்ட் பூரா வந்தான். இப்ப ஊரே படகுத்துறை ஜெட்டியில நிக்கும். படகு, இட்லி, இளநின்னு. இந்த டைம்ல மீட்டிங் வச்சா யார் வருவா?"

தலையில் அடித்துக்கொண்டேன். நான் வந்து சேரத் தோதான நேரம், ஊருக்குக் கை ஒழியாத நேரம்.

கடைசி கான்வாயை விட்டால் நாளைக் காலைதான். விட்டேன்!

மாலை நாலு மணி. ஜெட்டி, கடை கட்டும் வேளை. இங்குள்ள ஆஷா பணியாளர் மினதி தீதி ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான். கீழே, படியில், கவிழ்த்த வாளி மேல் என்று எங்கும் பெண்கள். தமிழ், வங்காளம், தெலுங்கு, எல்லாம் சுற்றிக் கடைசியில் இந்தி. பிஸ்கட் ஐந்து நிமிடத்தில் காலி.

செல்வி. இட்லிக் கடை, ஒன்பதாம் மாதம், கையில் மூன்று வயது மகள். அந்த மகள் பிறந்தது இதே ஜெட்டியில். வலி எடுத்தபோது கடைசி கான்வாய் போய்விட்டது. அனுமதி வாங்கி ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குள் பிறந்துவிட்டாள்.

"இந்தத் தடவ முன்னாடியே வரத்தான்க்கா ஆச. இவள எங்க விடுறது? இவ அப்பா படகுக்குப் போயிடுவாரு. அங்க பிள்ளைய உள்ள விட மாட்டாங்களாமே?"

விதி 4: குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. எழுதியவள் நானேதான். மூன்று வருடம் முன்பு, ஏசி அறையில், தொற்றுத் தடுப்பு என்று நினைத்து. யாரும் வராமல் இல்லை, நான் வரவிடவில்லை. வெட்கமாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதில் குதிக்கவும் தோன்றியது.

எங்கள் திட்டம் முடிந்தபின் இல்லத்தை யார் நடத்துவது என்று கேட்டேன். மினதி தீதி சிரித்தார். "ஆப் லோக் கா டிரான்ஸ்ஃபர் ஹோதா ஹை. ஹமாரா நஹீ ஹோதா." மாற்றல் உங்களுக்குத்தான், எங்களுக்கு இல்லையாம்! மகளிர் குழுவில் வாரம் ஒருத்தி வந்து தங்கிச் சமைப்பாளாம், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாளாம். முறை லிஸ்ட் அங்கேயே பிஸ்கட் அட்டையில் எழுதியாயிற்று. 'நீடித்து நடத்தும் திட்டம்' என்று நான் இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்த அத்தியாயம் அது.

பிப். 5, வியாழன்

திரும்பினேன். நாள் முழுக்க டைப். முதுகு போச்சு. சாப்பாடு: டீ, டீ, வடை.

பிப். 6, வெள்ளி

கமிட்டி.

டெபுடி சார் விதி 4-ஐப் படித்தார். "எந்த மேதாவி போட்டது இத?"

"நான்தான் சார்."

யாரோ இருமினார்கள். பிறகு, "சரி, அடி" என்று தன் பேனாவையே நீட்டினார். அடித்தேன். 7-ம் பிரிவு தப்பித்தது! குழுவின் முறை லிஸ்ட் அப்படியே இணைப்பு. ஆர்டர் வர ஒரு வாரம் ஆகும்.

மீன் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு. வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பிப். 9, திங்கள்

மேகம். மதியம் இல்லத்து வாட்ச்மேன் போன். "மேடம், பாராடாங்லேர்ந்து செல்வின்னு ஒரு பொம்பள. கூட ஒரு பாப்பா, சமைக்க ஒரு அக்கா. ஆர்டர் இன்னும் வரல. பாப்பாவ விடவா?"

விடுங்க என்றேன். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

செல்வி ஜன்னலோரக் கட்டிலில், மகள் பக்கத்திலேயே தூக்கம். பதிவேட்டில் ஒரு பெயருக்குத்தான் கட்டம். இரண்டு பெயரையும் அதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.