காட்டைத் தாண்டினால் கடல்

இன்று மதியம் உன் தம்பி வந்து உன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். "நீயே வச்சிக்கோக்கா. வீட்ல இத பாத்தா அம்மா அழுவுது" என்றான். சார்ஜ் போட்டு, நாம் சேர்ந்து விளையாடும் அந்தக் காட்டு கேமைத் திறந்தேன். நாம் விட்ட இடத்திலேயே நிற்கிறது. அதே பனிமூட்டம், அதே பாழுங்கிணறு. முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவாய்?

ஆம்பூரில் நம் ஷூ கம்பெனி கேண்டீனில் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு, ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் நுழைவோம். எல்லா மரமும் ஒன்றுபோலவே இருக்கும். எங்கிருந்தோ ஒருத்தி சிரிப்பாள். ஒரு திருப்பம் தப்பினால் மறுபடி கிணற்றடி. விளையாடுவது நான், வழி சொல்வது நீ. அங்கேதான் வந்தது வினை. நாள் முழுக்க ஷூவைக் கவிழ்த்து, அடிப்பக்கம் பார்த்தே ஜோடி சேர்ப்பவள் நீ. கவிழ்த்தால் வலது இடதாகத் தெரியும். அந்தப் பழக்கத்தில் காட்டிலும் மாற்றியே சொல்வாய். "லெப்டுடி, லெப்டு!" திரும்பினால் கிணறு. "ஐயோ, நான் சொன்னது அந்த லெப்டு இல்லடி!" பக்கத்து மேஜைக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின நாள், நீ சிரிக்கவில்லை. போனைப் பிடிக்கக்கூட உன் கையில் தெம்பில்லை. "காட்டத் தாண்டி இன்னா இருக்குதுன்னு பாத்துச் சொல்லேன்டி. அது தெரிஞ்சா போதும்" என்றாய். கட்டிலருகே உட்கார்ந்து ஒரு மணி நேரம் முயன்றேன். எப்படிப் போனாலும் கிணற்றடிதான். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தாங்கவில்லை. "வெளிய வந்துட்டேன்டி. கடல் இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

நீ போனைக் காட்டச் சொல்லவில்லை. "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு நீ கண் திறக்கவேயில்லை.

இன்று சாயங்காலம் வரை விளையாடிப் பார்த்துவிட்டேன், என்னால் முடியவில்லை. காட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று எனக்கு இன்னும் தெரியாது. அன்று நீ நம்பினாயா, என் மனம் நோகக்கூடாதென்று நம்பியதுபோல இருந்தாயா, அதுவும் தெரியாது. பார்க்காத கடலைச் சொல்லி உன்னை அனுப்பிவைத்தேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன இடத்தில் என்னடி இருந்தது?