வெறும் வயிற்றுக் குளிசை

பெப்ரவரி 27, வியாழன்

நாளையோடு பாடசாலை மூடி, நோன்பு லீவு தொடங்குகிறது. பயோலொஜி கற்பிக்கும் ஸரீனா டீச்சர் ஒரு வேலை தந்திருக்கிறார்: வீட்டில் நடக்கும் ஓமோன் வேலைகளைக் கவனித்து எழுதி வர வேண்டும். நான் மூன்றைத் தெரிவு செய்தேன். மிளகாய்க் கன்றின் நுனியைக் கிள்ளினால், அங்கிருந்து வரும் ஒட்சின் குறைந்து பக்கக் கிளைகள் வளர்வது. வாப்பா விற்கும் வாழைக்குலைகள் எதிலீனால் பழுப்பது. மூன்றாவது உம்மா. அவருடைய தைரொயிட்டுச் சுரப்பி தைரொட்சினைப் போதிய அளவு சுரப்பதில்லை. போன வருடம் முதல் அதைக் குளிசையாக விழுங்குகிறார்.

சொன்னதும் சிரித்தார். “மிளகாக் கண்டு, வாழக்கொல, அதுக்குப் பொறகு நானா? நல்ல வரிசதான்.”

மார்ச் 4, செவ்வாய்

கலேவெல வெயிலில் நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை. உம்மா சுவெட்டர் போட்டிருக்கிறார். பெருநாள் உடுப்புத் தையல்தான் அவருக்கு வருடத்தின் பெரிய வேலை. துணி குவிந்து கிடக்கிறது, அவர் மெஷினில் தலை வைத்துத் தூங்குகிறார். முகம் ஊதியிருக்கிறது. குரல் கரகரக்கிறது.

உம்மாவின் தங்கை மபாஸா சாச்சி வந்து பார்த்துவிட்டு, “நோன்பு எல்லாருக்கும்தான். ஒங்கட உம்மாக்கு மட்டும் என்னமோ தூக்க நோன்பு” என்றார். உம்மாவுக்குக் கேட்டது. தலையைத் தூக்கி, துணியை மெஷினுக்குள் தள்ளினார்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். குளிர், தூக்கம், ஊதிய முகம். தைரொட்சின் குறைந்தால் வருபவை. ஆனால் குளிசைதான் இருக்கிறதே?

மார்ச் 6, வியாழன்

ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாக வைத்துத் தைத்துவிட்டார். உம்மாவா இது? நான் நேராகவே கேட்டேன்: “குளிச போடுறீங்களா, இல்லையா? உண்மையச் சொல்லுங்க.”

“ஒரு நாளும் விட்டதில்ல! பெத்த புள்ள என்னப் பொய்க்காரி என்டு கேக்குது.”

பிறகு தையலைப் பிரித்தபடியே அழுதார். எனக்கு ஏன் இந்த வாய்?

மார்ச் 8, சனி

வாப்பாவின் புளிவாழை பழுக்கவில்லை. நேற்று அறைக்குள் புகை போட்டுவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று பின் ஜன்னலை மூடாமல் ஓடியிருக்கிறார். நோன்பு திறக்கப் பழம் கேட்டு வந்தவர்களுக்குப் பச்சைக் காயைக் காட்டிக்கொண்டிருந்தார். “யாரு அந்த ஜன்னலத் தொறந்த?” என்று அவரே கத்தி, அவரே போய் மூடினார்.

குறிப்பில் எழுதினேன்: புகையில் எதிலீன் இருந்தது. காயோடு தங்கவில்லை.

எழுதியபின் பேனையை வைத்துவிட்டேன். உம்மா விழுங்குகிறார், சரி. அது இரத்தத்தில் சேர்கிறதா?

மார்ச் 9, ஞாயிறு

விடியுமுன் சஹர் சாப்பாட்டில் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு, கறி, பால் தேத்தண்ணி. அதோடு ஒரே மிடற்றில் இரண்டு குளிசைகள்: தைரொயிட்டுக்கு ஒன்று, முழங்காலுக்குக் கல்சியம் ஒன்று.

“அத வெறும் வயித்துல போடச் சொன்னதுதானே உம்மா?”

“காலைல விழுங்கினா நோன்பு முறிஞ்சி போகும். நவம்பர்ல கழா நோன்பு புடிக்கத் தொடங்கின நாள்லருந்து எல்லா நாளும் இப்படித்தான். வயித்துக்குள்ளதானே போகுது?”

போன வருடம் விடுபட்ட நோன்புகளை அப்போதுதான் பிடிக்கத் தொடங்கினார். அப்படியென்றால் மாதக் கணக்காக!

செவ்வாய்க்கிழமை கிளினிக். கூட வருகிறேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பஸ்ஸில் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீதான் சிங்களத்துல பேசணும். நோன்பு என்டு மட்டும் சொல்லாத. டொக்டர் விடச் சொல்லிடுவா. கையும் காலும் இருக்க நோன்ப விட எனக்கு ஏலா.”

டொக்டர் பெண். இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. மருந்தின் அளவைக் கூட்டப் பேனையை எடுத்தவர், நிறுத்தி, “எப்போது குடிக்கிறார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

உம்மாவுக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும். “காலைல, வெறும் வயித்துல” என்று தமிழில் சொல்லி, மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

நான் மொழிபெயர்க்க வேண்டும். பொய்யையா? அளவைக் கூட்டிவிட்டால், நோன்பு முடிந்து பழைய நேரத்துக்குத் திரும்பியதும் அது மிஞ்சிப்போகாதா? சொல்லிவிட்டேன். நோன்பு, சோறு, பால் தேத்தண்ணி, கல்சியம், எல்லாம். உம்மா சுவரைப் பார்த்தார்.

டொக்டர் பேனையை மூடினார். நோன்பை விடச் சொல்லவில்லை! சோறும் பாலும் கல்சியமும்தான் மருந்தை இரத்தத்தில் சேரவிடவில்லையாம். சஹருக்கு எழும்பியதும் வெறும் தண்ணீரோடு தைரொயிட் குளிசை. அரை மணித்தியாலமாவது கழித்துச் சாப்பாடு. கல்சியம் நோன்பு திறந்த பிறகு. அளவு பழையபடியே இருக்கட்டும், ஆறு வாரத்தில் இரத்தம் பார்க்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது உம்மா என் கையைப் பிடிக்கவில்லை. இறங்கும் இடத்தில், “இவ்வளவுதானா?” என்றார். என்னிடமா, தன்னிடமா என்று தெரியவில்லை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். எல்லாச் சட்டையும் கொடுத்து முடித்தோம். கடைசி ஆறுக்கும் பொத்தான் வைத்தது நான். மிளகாய்க் கன்றில் பக்கக் கிளைகள் வந்துவிட்டன. உம்மாவில் பெரிய மாற்றம் இல்லை. ஓமோனுக்கு அவசரம் தெரியாது போலும்.

ஏப்ரல் 24, வியாழன்

இரத்த ரிப்போர்ட் வந்தது. நல்ல அளவுக்குள் வந்துவிட்டது.

பாடசாலை விட்டு வந்தபோது சாச்சி உம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில், குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். சாச்சிக்கு நீரிழிவு, சீனி வருத்தம். நோன்பு முழுக்க மாத்திரையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். இப்போது தலைசுற்றுகிறதாம்.

“டொக்டருக்கிட்ட போய் உள்ளதச் சொல்லு” என்றார் உம்மா. “நானும் வாறேன்.”

“நோன்பே புடிக்காத என்டு சொல்லிட்டா?”

“சொன்னா சொல்லட்டும். அவவுக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது, எனக்கும் தெரியல்ல.”

சாச்சி துணித் துண்டொன்றை எடுத்து மடித்தார். பிறகு, “தேத்தண்ணி ஊத்தவா?” என்றார்.

“ஒனக்கு ஊத்திக் குடி. நான் இன்டைக்கி நோன்பு. பெருநாளைக்குப் பொறகு புடிக்கிற ஆறுல கடைசி” என்றார் உம்மா, மெஷினை நிறுத்தாமலே.