அண்ணனின் ஈட்டி

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் பன்றிகள். ஓடையோரத்து மக்காச்சோளம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. தின்றதைவிட மிதித்தது அதிகம். போன மாதம் ஒரு தனிப்பன்றி என் வீட்டுக்காரர் தொடையைக் கிழித்ததே, அந்தப் புண்ணே இன்னும் ஆறவில்லை. ஊன்றுகோலோடு வரப்பில் நின்று பார்த்தவர், "உங்கண்ணனைக் கூப்பிடு" என்றார்.

காதில் சரியாகத்தான் விழுந்ததா? அம்மாவின் சாவு வீட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள். அதன்பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் வந்துவிட்டான், வண்டியில் மூன்று நாய்களோடு. மொட்டையும் வரியும் பன்றியை வளைத்துக் குரைத்து நிறுத்தும். தடியன் பாய்ந்து காதைக் கவ்வும். அப்புறம் அண்ணனின் ஈட்டி.

ஆள் இளைத்திருக்கிறான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

"என்னண்ணா, குளிரா?"

"ஆமா."

வெயில் மண்டையைப் பிளக்கிறது!

அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கூப்பிடச் சொன்னவரே அவர்தான்.

மார்ச் 7, வெள்ளி

தடம் இருக்கிறது, பன்றி இல்லை. வீட்டுக்குள் இரண்டு ஆண்களும் உம்மென்று. நடுவில் நான்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதினால்தான் நெஞ்சு அடங்கும் போலிருக்கிறது.

காலையில் ஓடைப்பக்கம் குரைப்பு திடீரென்று மாறியது. "நாய்ங்க நிறுத்திடுச்சுங்க!" என்று அண்ணன் சோளத்துக்குள் ஓடினான். கயிற்றோடு நான் பின்னால். தோகைகள் முகத்தை அறுத்தன. கரையில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றது, அதே தனிப்பன்றி. தடியன் காதில் தொங்குகிறான். வரி வயிறு கிழிந்து கிடக்கிறாள். அண்ணன் ஈட்டியை ஓங்கினான் — முனை அங்குமிங்கும் ஆடியது.

"குத்துண்ணா!"

"முடியலை. கை நிக்க மாட்டேங்குது. நீ புடி."

"எனக்கென்ன தெரியும்?"

"தடியன் விட்டுட்டா ரெண்டு பேரும் செத்தோம். முன்னங்காலுக்குப் பின்னாடி குத்து. கண்ணை மூடாதே."

மூடவில்லை. அதற்குமேல் எழுத வரவில்லை.

பிறகுதான் சொன்னான். நரம்புக் கோளாறாம், குணமாகாதாம். "வெளியே தெரிஞ்சா யாரு என்னைக் கூப்பிடுவா?" என்றான். தெரிஞ்சே உள்ளே போனியா, உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்னடா பண்ணுவேன் என்று கத்தினேன். அண்ணனை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. அவன் சிரித்துவிட்டான். நான்தான் அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

வரி பிழைத்துக்கொள்வாள் என்கிறார் கால்நடை டாக்டர்.

அண்ணன் பையோடு கிளம்பினான். வாசலில் அவர் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார். அடிக்கத்தான் போகிறார் என்று பதறி ஓடினேன்.

"நாய்க்குத் தையல் பிரிக்காம எங்க கிளம்பிட்டீங்க மச்சான்? உள்ள போங்க."

மச்சான்! அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

அடுத்த பண்ணைக்காரர் மூச்சிரைக்க வந்து, "நாய்க்காரர் இருக்காரா?" என்றார். தன் கடலைத் தோட்டத்தில் பன்றி இறங்கிவிட்டதாம்.

வரிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "நாய்க்காரி உள்ள இருக்கா. கூப்பிடறேன்."

நான் வெளியே வருவதற்குள் என் வீட்டுக்காரர் என் பூட்ஸைத் தட்டி, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பயமாகத்தான் இருந்தது. காலை நீட்டினேன்.