அஞ்சலை அக்காவின் பூனைக்கு வந்த புரட்டாசி

என் வாயாடி அஞ்சலை அக்காவுக்கு,

நல்லவாட்டிலிருந்து மீன் கூடையோடு பாகூரில் வந்து இறங்குவாயே, அந்த ரோட்டு முனையில் ஒரு சாம்பல் பூனை உனக்காகக் காத்துக் கிடக்குமே, அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. சிரிக்காதே. பூனை என்றாலே விளக்குமாற்றைத் தூக்குகிற ராணிதான் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடிய பிறகும் அது தினமும் அதே முனையில் வந்து உட்கார்ந்தது. பஸ் வந்தாலும் நகராது. ஒரு நாள் பைக் ஒன்று அதன் வாலை உரசிக்கொண்டு போனது. இன்னொரு தரம் தப்பிக்காது என்று தோன்றியது. அரிசிச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

தெரு நாயையே அறைகிற பூனை, ஃபேனைப் பார்த்து நடுங்குகிறது அக்கா. போட்டால் போதும், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கிவிடும். வானத்துக்குக் கீழேயே வளர்ந்தது, தலைக்கு மேலே சுற்றுவதெல்லாம் பருந்து என்று நினைக்குமோ? ஃபேனை நிறுத்திவிட்டு நாங்கள் விசிறிக்கொண்டு கிடந்தோம். உடைந்த தொட்டியில் மணல் போட்டு வைத்தேன். அது மட்டும் உடனே புரிந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இது தேவலை.

சாப்பாட்டில்தான் கோட்டைவிட்டேன். பிடித்து வந்தது புரட்டாசியில். இந்த மாதம் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. "உங்க பெருமாளால என் பொழப்பே போச்சுடி" என்று திட்டுவாயே. தயிர்சோறு வைத்தேன். நெய் விட்டுப் பருப்புச்சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. பாலையும் தொடவில்லை. வயிறு ஒட்டிக்கொண்டே போனது. கதவைத் திறந்தால் ரோட்டில் சாகும், சாத்தினால் பட்டினியில் சாகும்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்று, "மீனேய், சங்கரா, மத்தி, ஓடியா" என்று உன் குரலில் கூவினேன். பூனை பாய்ந்து வந்தது. பக்கத்து வீட்டு லட்சுமியும் சட்டியோடு வந்தாள்.

"இன்னாடி, பெருமாள் மாசத்துல மீனு விக்கிற?"

"உனுக்கு இன்னாடி அதுக்குள்ள நாக்கு ஊறுது? சட்டிய வேற கழுவி எடுத்தாந்துட்ட."

நாங்கள் சிரித்தோம். பூனை என் காலைச் சுற்றியது, கூடைக்குள் எட்டிப் பார்த்தது, எனக்குப் பின்னால் போய்த் தேடியது. பிறகு சிலிண்டருக்குப் பின்னாலேயே போய்விட்டது. அதற்கப்புறம் உன் குரலில் நான் கூவவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் மூலக்குளத்தில் கொத்து வேலை முடித்து வந்தார். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் நாற்றம்.

"இன்னாயா அது பாக்கெட்டுல?"

"நெத்திலிக் கருவாடு. கத்தாத."

"அப்போ விரதம்?"

"எனுக்குத்தான்டி விரதம். பூனை இன்னா வேண்டிக்கினு இருக்குதா?"

உப்புப் போக ஊறவைத்து, இலையில் போட்டு சிலிண்டர் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி தலைக்குக் குளிக்கப் போனார் மனுஷன். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். முதலில் ஒரு கால் மட்டும் நீண்டது. கருவாடு உள்ளே போனது. மறுநாள் முழு உடம்போடு வெளியே வந்து, எங்கள் எதிரிலேயே தின்றது.

இப்போது ஃபேனை மெதுவாக வைத்தால், அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறது. நேற்று துணிந்து கதவைத் திறந்து வைத்தேன். வாசல் வரை போய் ரோட்டைப் பார்த்தது. திரும்பி வந்து என் முந்தானையில் படுத்துக்கொண்டது. என்ன யோசித்திருக்கும்? நீ அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாய்? நான் எதைச் சொன்னாலும் ஒரு காதை மட்டும் ஆட்டுகிறது.

புரட்டாசி முடிந்ததும் வேறொரு மீன்காரி நம் தெருவில் வந்து கூவுவாள். இது ஓடும். ஓடட்டும் அக்கா, நான் பிடித்து வைக்கமாட்டேன். பின்னாலேயே நானும் ஓடுவேன். வந்தவள் நீ இல்லை என்று தெரிந்து அது நிற்கிற இடத்தில், பக்கத்தில் நானும் நிற்பேன்.

உன்னோடு பேரம் பேசியே தங்கச்சியானவள்,
ராணி