பூவரசங்காய்க் கறை

பாப்பாவின் கவுனைத் துவைக்க எடுத்தேன். இடுப்புப் பக்கம் பூவரசங்காய்ப் பால் பட்ட மஞ்சள் கறை. தேய்க்க மனம் வரவில்லை. துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வயது முடிந்தும் நம் பெண் தனியாக நடக்கவில்லை. காலுக்கு வலு வர நன்றாக விளையாட விடுங்கள் என்றார் டாக்டர். நான் வீட்டுக்குள் பாய் விரித்தேன். நீங்கள் ஏரிக்கரைக்குத் தூக்கிப் போனீர்கள். கரைச் சரிவில் தவழ்ந்து ஏறினாள், உருண்டாள், மறுபடி ஏறினாள். அவள் எழுந்து நடந்ததும் அங்கேதான். பிறகு பூவரச மரம். அதில் ஒருநாளும் நீங்கள் அவளைத் தூக்கி ஏற்றியதில்லை.

"நைனா, தூக்கி வுடு."

"தூக்கி வுட்டா எறங்கத் தெரியாம அயுவ. நீயா ஏறு, நீயா எறங்கு."

ஆடு ஓட்டி வந்த உங்கள் சின்னம்மா ஒருநாள் நின்று திட்டினார். "இன்னாடா இது, பொட்டப் புள்ளயக் கொரங்காட்டம் ஏத்திக்கினு கீற? கை கால் ஒடிஞ்சா எவன் கட்டுவான்?"

"மரம் ஏறத் தெரிஞ்சவனாப் பாத்துக் கட்டிக் குடுத்துடலாம், சின்னம்மா."

உங்களுக்குப் பயமே கிடையாது என்று எனக்குக் கோபம். ஒருநாள் உங்களைச் சாப்பிடக் கூப்பிடப் பின்பக்கமாக வந்தேன். அவள் உச்சிக் கிளையில் இருந்தாள். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டி அண்ணாந்து நின்றீர்கள். ஒரு கை மற்றதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"கைய வுட்டா, அதுவா போயி அவளைப் புடிச்சிக்கும்மே" என்றீர்கள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு நான் அவளை விளையாட வாசல் தாண்ட விடவில்லை. இருப்பது அவள் ஒருத்திதான். பள்ளி விட்டு வந்ததும் செல்போனோடு மூலையில் கிடந்தாள். போன வாரம் கோயில் படி இறங்க என் கையைத் தேடினாள். அந்தச் சரிவில் ஓடிய பெண்ணா இவள்?

நேற்று கரைக்குக் கூட்டிப்போனேன். மரத்தடியில் வெகுநேரம் நின்றாள்.

"தூக்கி வுடும்மா."

குனிந்தேன். அதற்குள் அவளே பின்வாங்கினாள். "வாணாம். நைனா தூக்காது."

ஒருமுறை சறுக்கி முழங்கால் சிராய்த்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. மறுபடி காலை வைத்தாள். கிளையில் உட்கார்ந்து ஒரு காயைப் பறித்துக் கவுனில் துடைத்தாள். பிறகு வந்த வழியிலேயே, மெல்ல, தானே இறங்கினாள்.

அவள் கால் தரையில் பட்ட பிறகுதான் என் கைகள் பின்னால் இருப்பது தெரிந்தது. மணிக்கட்டில் நகம் பதிந்த இடம் இன்றும் வலிக்கிறது. உங்களுக்கும் வலித்திருக்கும். ஒருநாளும் சொன்னதில்லை.