உறவினர் அல்லாத மூவர்

நவம்பர் 3, திங்கள்

பனிப்புகார். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. மூன்றாம் நாளாக இப்படி.

கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்திலிருந்து தடித்த உறை. குடியுரிமை விண்ணப்பத்தின் கடைசிப் படிவம். மற்றதெல்லாம் கொடுத்தாயிற்று: மொழிச் சான்றிதழ், வேலைக் கடிதம், பொலிஸ் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு. இப்போது கேட்பது மூன்று பேர். என்னை நன்றாகத் தெரிந்த மூன்று பேரின் பெயர், முகவரி, தொலைபேசி. அவர்களை அழைத்தோ கடிதம் போட்டோ என்னைப் பற்றி விசாரிப்பார்களாம். உறவினர் கூடாது. 28ஆம் திகதிக்குள். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிட்டு முதலிலிருந்து.

உறவினர் கூடாதாம். அந்தக் கஷ்டம் எனக்கு இல்லை.

பதினெட்டு வருடம் சுவிசில். மூன்று கோடு நிரப்ப ஆளில்லை. வேலையிடத்து மேலாளர் ஃபிராவ் வீஸ், ஒன்று. மற்ற இரண்டு?

நாளை: சலவைத்தூள், கொத்தமல்லி, பஸ் அட்டை புதுப்பிக்க.

நவம்பர் 5, புதன்

புகார்தான். முதியோர் இல்லச் சலவை அறையில் ஒரு இயந்திரம் பழுது. மேசைவிரிப்புகள் மலைபோல். கை முழுக்க வெடிப்பு.

ஏன் இந்தச் சிவப்புக் கடவுச்சீட்டு என்று எனக்கே ஒருமுறை எழுதி வைக்கிறேன். என் கணவர் பாரிசுக்கு, சிநேகிதனின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று, சின்னப் பையோடு போனார். நான் வந்து ஐந்தாம் வருடம். பிறகு வரவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரியும். ஆறு மாதத்தில் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம்: கணவரோடு வாழத்தான் உங்களுக்கு அனுமதி தந்தோம், இப்போது ஏன் இருக்கிறீர்கள், விளக்குங்கள். அவர் ஓடியதற்கு நான் உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். இனி ஒருவன் போனான் என்பதற்காக நானும் போக வேண்டும் என்று எவரும் எனக்குக் கடிதம் போடக் கூடாது. அவ்வளவுதான்.

நம் ஆட்கள்? முதல் மாதம் சாப்பாடு கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாதம் கேள்வி கொண்டு வந்தார்கள். மூன்றாம் மாதம் வரவில்லை. "அவளில ஏதோ இருக்கு, இல்லாட்டி அவன் ஏன் போறான்?" கோயில் படியில் என் காதுபடவே. இருக்கத்தான் இருக்கிறது. வாய்.

குங்குமம் வைக்கிறேன். அவர் சின்னப் பைதான் கொண்டுபோனார், என் பொட்டை அதற்குள் வைக்கவில்லை.

நவம்பர் 8, சனி

பக்கத்து ஊர் லாங்கன்தாலுக்குப் போனேன், பவானி அக்காவிடம். தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர், கோயில் மகளிர் குழுத் தலைவர். கெமைண்டேயில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் பெயர் இருந்தால் ஒரு கேள்வியும் வராது. ஒரு காலத்தில் அவர் வீட்டுக் குசினியில் நான் கேட்காமலே தேத்தண்ணீர் போட்டுக் குடித்தவள்.

பயித்தம் பணியாரம் செய்து கொண்டுபோனேன். மேசையில் மகளின் கல்யாண அழைப்பிதழ் அடுக்கு. உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று எழுத இருந்ததாகச் சொன்னார். எழுதவில்லை. படிவத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"உம்மில ஒரு பிழையும் இல்லை, வதனி. உம்மட வீட்டுக்கு வாற போற ஆக்களைப் பற்றித்தான் சனம் கதைக்குது. அந்தப் பெட்டையை வீட்டுக்கு எடுக்கிறதை நிப்பாட்டும். பிறகு தாராளமா என்ர பேரை எழுதும்."

அந்தப் பெட்டை என்பது மெலனி, ஞாயிறுகளில் என்னோடு சாப்பிடுகிற பிள்ளை. யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது? ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

வெளிக்கிடும்போது அங்கே வந்திருந்த இன்னொரு பெண்ணுக்குக் குங்குமச் சிமிழை நீட்டினார். என் முறை வந்தது. சிமிழை மூடிவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வேறு நாளென்றால் நானே திறந்து வைத்திருப்பேன். பெயர் வேண்டுமே. இன்னும் பதினான்கு நிமிடத்தில் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதினேன். மூன்றாவதற்கு அவரே ஒரு ஆளைப் பிடித்துத் தருவார்.

நவம்பர் 9, ஞாயிறு

கொஞ்சம் வெயில். பத்து நிமிடம்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் பொரியல், மெலனிக்கு மட்டும் முட்டை. ஞாயிறு என்றால் மூன்று பேர் சாப்பாடு. நாலு வருடமாக அப்படி.

குகன் அண்ணை பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தார், பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. முந்திக் குடிப்பவர். ஒரு கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல மேடையேறி, மணவறையோடு சேர்ந்து விழுந்தார். மாப்பிள்ளையின் தலைப்பாகை சபையின் நடுவில். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை, ஆறு வருடம். ஆனால் அந்த வீடியோவை இன்றைக்கும் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆளைக் கூப்பிடுவதில்லை. மனைவியும் மகன்களும் வேறு ஊரில், ஆராவில். அழைத்தால் எடுப்பதில்லை.

மெலனி எங்கள் முதியோர் இல்லத்தில் தாதி. இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, இருபத்தாறு வயது. லீனா என்ற சுவிஸ் பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறாள் என்று தெரிந்த அன்று, ஊஸ்டரில் தாய் தகப்பன் அவளுடைய உடுப்பை இரண்டு பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டார்கள். தம்பியின் கல்யாணத்தை இன்ஸ்டகிராமில் பார்த்தாள். சலவை அறையில் வந்து நின்று அழுதாள். அன்றுதான் முதன்முதல் இங்கே சாப்பிட வந்தது.

இன்று சாப்பாட்டுக் கோப்பைகள் வைக்க மேசையை ஒதுக்கும்போது படிவத்தைக் கண்டாள். பவானி அக்காவின் பெயரைக் கண்டாள். ஏன் தன் பெயரும் அண்ணையின் பெயரும் இல்லை என்று கேட்கவில்லை. இவர் எப்படிச் சம்மதித்தார் என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பொய் வராது. சொன்னேன்.

"அப்ப அடுத்த கிழமை நான் வரேல்லையோ, அன்ரி?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் சோற்றுப் பானையைப் பார்த்தேன். மூன்று மூச்சு இருக்கும். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முட்டை அப்படியே.

குகன் அண்ணை சாப்பிட்டு முடித்தார். தன் கோப்பையைத் தானே கழுவினார். கதவடியில் நின்று சொன்னார்:

"பிள்ளை, நான் அண்டைக்கு மேடையில விழுந்ததை முந்நூறு சனம் கண்டது. நீ இண்டைக்கு விழுந்ததை நாங்கள் ரெண்டு பேர்தான் கண்டனாங்கள்."

நவம்பர் 10, திங்கள்

வேலைக்கு முன் பவானி அக்காவை அழைத்தேன்.

"அக்கா, உங்கட பேரை அழிச்சிட்டன். அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில என்ர வீட்டிலதான் சாப்பிடும்."

சனத்தைப் பகைத்துக்கொண்டு வாழ முடியாது என்றார். நாளைக்கு நான் செத்தால் தூக்க நாலு பேர் வேண்டாமா என்றார். இங்கே தூக்குவதில்லை அக்கா, வண்டியில்தான் கொண்டுபோவார்கள் என்றேன். வைத்துவிட்டார். எனக்குப் பசித்தது. இரண்டு பாண் துண்டு சாப்பிட்டேன்.

பேனாவால் எழுதினேன். 1. ஃபிராவ் வீஸ். 2. குகன் அண்ணை. 3. மெலனி. நேரே கொண்டுபோய் கெமைண்டேயின் கடிதப் பெட்டிக்குள் போட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. இல்லத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன், மெலனியிடம். ஒரு கிழவருக்குத் தயிர் ஊட்டிக்கொண்டிருந்தாள். முடியும் வரை என்னை நிற்க வைத்தாள். நின்றேன். மன்னிப்புக் கேட்டேன், தமிழில் ஒருமுறை, ஜெர்மனில் ஒருமுறை. அவளுக்கு எது சரியாகப் போய்ச் சேரும் என்று தெரியாததால் இரண்டும்.

"நீங்கள் யோசிச்சனீங்கள் அன்ரி. அம்மா யோசிக்கவே இல்லை." தயிர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு: "லீனாவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

ஓம் என்றேன். இந்த முறை ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நாலு பேர். கதிரை மூன்றுதான் இருந்தது. குகன் அண்ணை என் தையல் ஸ்டூலில்.

லீனா வெண்ணெய் மணக்கும் பின்னல் பாண் கொண்டுவந்தாள், இங்கே ஞாயிற்றுக்கிழமையில் எல்லோரும் தின்னும் அது. அதை மீன்குழம்பில் தோய்த்துத் தின்றாள். மூக்கு வழிந்தது, நிறுத்தவில்லை. குகன் அண்ணை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானும் தோய்த்தார். இரண்டு பேருமாகப் பாண் முழுவதையும் முடித்தார்கள். சோறு மிச்சம்.

கீழ்வீட்டுக்காரி படியில் கேட்டாள், இன்று உங்களுக்கு ஏதும் பண்டிகையோ என்று. ஆம் என்றேன். என்ன பெயர் என்று கேட்டாள். ஞாயிறு என்றேன்.

படுக்கை விரிப்பு மாற்ற. மெ.க்கு ஊறுகாய்ப் போத்தல் கொடுக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

முதல் பனி, நின்று பிடிக்கவில்லை.

கெமைண்டேயிலிருந்து கடிதம். நாலு தரம் வாசித்தேன். நீங்கள் குறிப்பிட்ட மூவரில் இருவர் உங்கள் உறவினர் என்று தாங்களே தெரிவித்துள்ளனர். ஆகவே அவர்களை ஏற்க இயலாது. 28ஆம் திகதிக்குள் வேறு இருவர்.

உறவினராம்! குகன் அண்ணையை அழைத்தேன். முதலில் மழுப்பினார். அலுவலகத்துப் பெண் அழைத்து, இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாளாம். தமையன் என்று சொல்லியிருக்கிறார். ஜெர்மனில், தெளிவாக.

"வேற என்னத்தைச் சொல்லுறது பிள்ளை? தெரிஞ்ச ஆள் எண்டோ? தெரிஞ்ச ஆக்கள் என்னைக் கண்டா றோட்டின்ர மற்றப் பக்கத்தால எல்லோ போறவை."

மெலனிக்குக் கேள்வித்தாள் வந்திருக்கிறது. என்ன பழக்கம் என்ற இடத்தில், என் மாமி என்று எழுதி அனுப்பிவிட்டாள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எல்லாப் படிவமும் எனக்கு நிரப்பித் தருகிற பிள்ளை. எழுதும்போது யோசிக்கவே இல்லையாம். எத்தனை தரம் சந்திப்பீர்கள் என்றதற்கு, ஒவ்வொரு ஞாயிறும், சாப்பாட்டுக்கு.

ஃபிராவ் வீஸ் மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறார். நேரம் தவறாதவள், வாய் கொஞ்சம் நீளம் என்று.

இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி பேசினேன். தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. பதின்மூன்று வருடமாக எனக்கு இந்த நாட்டில் ஒருவரும் இல்லை என்று படிவத்துக்குப் படிவம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஆட்கள் இருக்கிறார்கள் என்று அரசாங்கமே கடிதம் போடுகிறது, அதற்காகவே என்னைத் தள்ளவும் பார்க்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இன்னும் எட்டு நாள்.

நவம்பர் 21, வெள்ளி

காலை ஆறுக்கே கு. அண்ணை அழைத்தார். தூங்கவில்லை போல. பவானியின் பெயரையே எழுது, நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்றார். பேசாமல் இருங்கள் என்றேன்.

அரை நாள் லீவு. கெமைண்டே அலுவலகத்தில் இரண்டாம் கவுண்டர், குட்டைத் தலைமயிர்ப் பெண். எனக்கு முன்னால் ஒருவர் நாய்க்கு வரி கட்ட வந்திருந்தார், நாயோடு.

விளங்கப்படுத்தினேன். எங்கள் ஆட்கள் மனதுக்குப் பிடித்தவரை இப்படித்தான் சொல்வார்கள், அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான் பிழை என்றேன். அவள் நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: உறவு என்றால் ஏற்க முடியாது. உறவு இல்லை என்றால் பிரச்சினை இல்லை, அதை இந்தக் கோட்டில் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பேனாவை நீட்டினாள்.

சின்ன விஷயம். உண்மையும் அதுதான். ஆனால் கை போகவில்லை. உறவில்லை என்ற அந்த வசனத்தை என்னைப் பற்றி எத்தனை பேர் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பார்கள். பாரிசில் ஒருவர். லாங்கன்தாலில் ஒரு கல்யாண மண்டபம் நிறைய. இப்போது நான், என் இரண்டு பேரைப் பற்றி, பேனாவால்.

பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். செருமட்டும் என்று நின்றேன்.

பிறகு எழுதினேன், ஜெர்மனில், யாரிடமும் கேட்காமல், பெரிய எழுத்தில்: இவர்கள் என் உறவினர் அல்லர். என்னை விட்டுப் போகாதவர்கள்.

அவள் வாசித்தாள். முதல் வசனம் போதும், இரண்டாவது தேவையில்லை, வேண்டுமென்றால் புதுத் தாள் தருகிறேன் என்றாள்.

எனக்குத் தேவை என்றேன்.