ஆறு வாரத்துக்குப் போட்ட குழாய்

தாராவி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் யாசருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் வலது கிட்னியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீ ஷார்ஜாவில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போனில் சொன்னால் இந்த ஒற்றை அறையில் அவர் காதில் விழும், உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருக்கிறார், அதனால் லீவு முடிந்து திரும்பும் கரீம் பாட்சாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகப் படி, பாதியில் விட்டுவிடாதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாப்பாவுக்குக் கல் எடுத்தபோது கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரை ஸ்டென்ட் என்று மெல்லிய குழாய் ஒன்று வைத்தார்களே, அது ஆறு வாரத்தில் எடுக்க வேண்டியதாம். வலி போனதும் எல்லாம் முடிந்தது என்று இவர் கார்கானாவில் பை தைக்க உட்கார்ந்துவிட்டார். நடுநடுவே மூத்திரம் சிவப்பாகப் போனபோது சூடு என்று பார்லித் தண்ணீர் குடித்தார். போன மாதம் குளிர்காய்ச்சலில் விழுந்தார், எக்ஸ்ரே எடுத்தால் குழாயின் இரண்டு முனையிலும் கல் கட்டியிருக்கிறது, கீழே இருந்தது எலுமிச்சை அளவு. டாக்டர் தீன் சால், தீன் சால், மூன்று வருஷமா என்று தலையில் கை வைத்தார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர் வந்து அந்தப் படத்தை மொபைலில் பிடித்துக்கொண்டார்கள், வாப்பாவுக்குக் கொஞ்சம் பெருமைதான். கீழ்க்கல்லை லேசரில் உடைத்து ஒரு டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள், மான்குர்திலிருந்து பார்க்க வந்த உன் மாமி மகள் அஃப்ஷாவுக்கு நான் டீ தருவதற்கு முன்பே அதைத் திறந்து காட்டிவிட்டார்.

குழாயை எடுக்க வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதே நாலு தடவை போனில் கூப்பிட்டார்களாம், ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னார்கள். அட்மிஷன் ஃபாரத்தில் நீ உன் பம்பாய் நம்பரைக் கொடுத்திருந்தாய், கேஸ் சிலிண்டருக்கும் பேங்குக்கும் அதுதானே. ஷார்ஜா போனதும் அந்த சிம்மை விட்டுவிட்டாய். அவன்ட்ட சொல்லிராத, புள்ள மனசு ஒடஞ்சிருவான் என்று வாப்பா சொன்னார். எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை, ரெண்டு நாள் உன்மேல் கோபமாகவே இருந்தேன். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தால் டிஸ்சார்ஜ் காகிதம் பிளாஸ்டிக் கவரில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, எடுக்க வேண்டிய தேதியோடு. வைத்தது நான். இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடமும் காட்டவில்லை, பத்திரமாக வைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு உன்மேல் கோபப்பட முடியவில்லை.

வருகிற பதினெட்டாம் தேதி முதுகு வழியாகத் துளை போட்டு மேல்கல்லை உடைத்துக் குழாயை எடுக்கப் போகிறார்கள். அந்தக் கிட்னி நூற்றுக்குப் பதினைந்துதான் வேலை செய்கிறதாம், தேறாவிட்டால் அதையே எடுத்துவிட வேண்டியதுதான் என்கிறார் டாக்டர். நீ வெயிலில் நிற்கிறவன், தண்ணீர் நிறையக் குடி, கல் நம் வீட்டில் பரம்பரை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தும் பரக்கத்தும் தரட்டும். உன் வேலை கெடும் என்று இத்தனை நாளில் ஒரு தடவையும் நான் உன்னை வா என்று கேட்டதில்லை. இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது, யாசர். பதினேழுக்குள் வா.

உன் உம்மா
ஷரீஃபுன்னிசா